லிஃப்ட் இல்லாத கோட்டை

ஒசாகா கோட்டையில் லிஃப்ட் வரிசையில் நின்றபோதே அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேலே போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்ததும், நேராகச் சுவரோரம் போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கான்கிரீட்டு, தம்பி."

நாற்பது வருஷம் ஈரோட்டைச் சுற்றிக் கொத்து வேலை பார்த்த மேஸ்திரி. அவரிடம் மறைக்க முடியாது. இந்தக் கட்டடம் 1931இல் எழுப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டேன். "எங்க தாத்தா வீடே இதுக்கு மூத்தது" என்றார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பூங்காவில் வேர்க்கடலை விற்பார்களா என்று மட்டும் கேட்டார்.

ஜப்பானுக்கு வருகிற நம்மவர்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. படத்தில் பார்த்த கோட்டை எதிரே நிற்கிறது, உள்ளே போனால் மியூசியம் மாதிரி இருக்கிறது. காரணம் எளிது. 1873இல், சாமுராய் ஆட்சி முடிந்து வந்த மெய்ஜி அரசு, கோட்டைகள் இனித் தேவையில்லை என்று முடிவெடுத்தது. ஊர் ஊராக இடித்தார்கள், விற்றார்கள். தப்பியதில் நாகோயா மாதிரி சில, 1945இல் குண்டுவீச்சில் எரிந்தன. போருக்குப் பிறகு ஊர்ப் பெருமைக்காகப் பலவற்றைக் கான்கிரீட்டில் திரும்ப எழுப்பினார்கள். எடோ காலத்திலோ (1603–1868) அதற்கு முன்போ கட்டிய மரக் கோபுரம் அப்படியே நிற்பது நாடு முழுவதும் 12 கோட்டைகளில்தான். அதில் ஐந்து தேசியப் பொக்கிஷம்: ஹிமேஜி, மட்சுமோட்டோ, இனுயாமா, ஹிகோனே, மட்சுயே.

அப்பாவை இந்த ஐந்தில் ஒன்றுக்குக் கூட்டிப்போகாமல் ஊருக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றிவிட்டது. ஹிமேஜிதான் பெரியது, அழகானது, சந்தேகமே இல்லை. ஆனால் கூட்டம். 2026 மார்ச் முதல் வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணத்தையும் 2,500 யென்னாக ஏற்றிவிட்டார்கள். நான் ஹிகோனேயைத் தேர்ந்தெடுத்தேன். கூடவே, அதே ரயில் பாதையில் இருக்கும் அசுச்சியையும் சேர்த்துக்கொண்டேன். அசுச்சியில் கட்டடமே கிடையாது, வெறும் கற்கள்தான். ஒரே நாளில் இரண்டும், அசுச்சி முதலில்.

இந்த வரிசை முக்கியம். இங்கே குடிவந்த புதிதில் ஹிகோனேக்கு நான் தனியாகப் போயிருக்கிறேன். முக்கால் மணி நேரத்தில் மேலே ஏறி, நாலு போட்டோ எடுத்து, இறங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பிவிட்டேன். எதைப் பார்க்கணும் என்றே தெரியவில்லை. கோபுரம் நிற்கிற இடத்தில் கண் கோபுரத்தைத் தவிர வேறெங்கும் போகாது. கோபுரம் இல்லாத இடத்தில்தான் காலடியைப் பார்க்கிறோம்.

அம்மாவுக்கு முட்டி வலி. பேரனோடு வீட்டிலேயே இருந்துகொண்டார். புளிசாதம் மட்டும் கட்டிக் கொடுத்தார். அந்தப் புளிசாதம் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை. ஒசாகாவிலிருந்து ஷின்-கைசொகு என்கிற அதிவிரைவு ரயில். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, சாதாரண டிக்கெட்டே போதும். க்யோட்டோ தாண்டியதும் பிவா ஏரி எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அப்பாவுக்கு ஏரியைக் காட்டி, அதுதான் நாட்டிலேயே பெரிய ஏரி என்று பெருமையடித்துக் கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே 'அசுச்சி' என்ற பலகை பறந்து போனது.

ஷின்-கைசொகு அசுச்சியில் நிற்காது. அதற்கு முந்தைய ஓமி-ஹச்சிமானில் நிற்கும், அடுத்த நோத்தோகாவாவில் நிற்கும், நடுவில் இருக்கிற அசுச்சியைத் தாண்டிப் போய்விடும். இதை நான் பார்த்து வைத்திருக்க வேண்டும். நோத்தோகாவாவில் இறங்கி, படியேறி எதிர்ப் பக்கத்துக்கு வந்து, லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்து ஒரு நிறுத்தம் பின்னால் வந்தோம். அரை மணி நேரம் போச்சு. நீங்கள் ஓமி-ஹச்சிமானிலேயே இறங்கி லோக்கலுக்கு மாறிவிடுங்கள். ஜப்பானில் ரயில் தாமதமாவது அபூர்வம்; நாம் தப்பான ரயிலில் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம்.

அசுச்சி சின்ன ஸ்டேஷன். கோட்டை மலைக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஸ்டேஷன் வாசலிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கிறது. அப்பா சீட்டின் உயரத்தைத் தானே சரிசெய்து, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்து, எனக்கு முன்னால் மிதித்துப் போய்விட்டார். அறுபத்தெட்டு வயசு. வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல், தாள் மட்டும் வரிசையாக நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் கோட்டை மலை பெரிய மலையாகவே தெரியாது. உயரம் கடல்மட்டத்திலிருந்து 199 மீட்டர்தான். ஏறும்போதுதான் தெரியும்.

மலையடிவாரத்தில் 700 யென் வாங்குகிறார்கள். வாங்குவது அரசு இல்லை, மலைக்குச் சொந்தமான சோகென்-ஜி கோயில். இந்தக் கோட்டையை எழுப்பிய போர்த்தலைவர் ஒடா நொபுனாகா உள்ளேயே கட்டிய கோயில் அது. கட்டணத்துக்குச் சில்லறையும் நோட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கார்டை நம்பிப் போகவேண்டாம். நுழைவாயிலில் ஊன்றுகோல்கள் வைத்திருந்தார்கள், எடுத்துப்போய்த் திரும்ப வைத்துவிடலாம். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். பாதி வழியில் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டார், எதுவும் பேசாமல்.

உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு நேராகப் படிக்கட்டு. ஆறு மீட்டர் அகலம், ஏறக்குறைய 180 மீட்டர் தூரம் வளைவே இல்லாமல் நேராக மேலே போகிறது. கோட்டைக்குப் போகிற வழி என்றால் வளைத்து நெளித்து எதிரியைத் திணறடிப்பதுதான் வழக்கம். இங்கே நேர் ரோடு போட்டு வைத்திருக்கிறார் ஒடா நொபுனாகா. வருகிறவன் தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்துக்கொண்டே ஏறணும் என்பதுதான் திட்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1576இல் வேலையைத் தொடங்கி, 1579இல் உச்சியில் இருந்த கோபுரத்தில் குடியேறினார். அது வெறும் காவல் கோபுரம் இல்லை, அவர் வாழ்ந்த மாளிகை. மேல்தளத்துக்குத் தங்கம் பூசியிருந்தது, அதற்குக் கீழே எட்டுமூலைத் தளம். லூயிஸ் ஃப்ரோயிஸ் என்கிற போர்த்துகீசியப் பாதிரியார் நேரில் பார்த்து வியந்து எழுதிவைத்திருக்கிறார். 1582இல் க்யோட்டோவில் ஹொன்னோ-ஜி கோயிலில் தன் தளபதியின் துரோகத்தால் நொபுனாகா இறந்தார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் கோபுரமும் எரிந்துபோனது. ஆக மூன்றே வருஷம்தான்.

இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டே ஏற, அப்பா பாதிதான் காதில் வாங்கினார். அவர் கவனம் பக்கச் சுவரில் இருந்தது. படியின் இரண்டு பக்கமும் தளபதிகளின் வீடுகள் இருந்த மேடைகள். அவர்களில் ஒருவரான ஹிதேயோஷியின் வீடு என்று சொல்லப்படும் இடம் இடது கை ஓரம். அந்த மேடைகளைத் தாங்குகிற கல் சுவர்களைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்று, இரண்டு கல்லுக்கு நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"காரையே இல்லியே."

இல்லை. சுண்ணாம்பும் இல்லை, மண் சாந்தும் இல்லை. கல்லைச் செதுக்கவும் இல்லை. மலையில் கிடைத்ததை அப்படியே அடுக்கியிருக்கிறார்கள். ஏரியின் மேற்குக் கரையில், சகாமோட்டோ பக்கம், அனோ என்ற ஊர்க் கல் வேலைக்காரர்கள் இதில் பேர்போனவர்கள். கோயில்களுக்குக் கல் அடுக்கிக் கொண்டிருந்தவர்கள், அசுச்சிக்குப் பிறகு நாடு முழுக்கக் கோட்டை வேலைக்குப் போனார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை அப்பா சொன்னார்.

"வெளிய தெரியறது கல்லோட மூஞ்சி மட்டும்தான். நீளம் பூரா உள்ள கிடக்குது. முள்ளங்கியை மண்ணுல சொருகின மாதிரி." ஜப்பானியர்களும் இதை கோபோ என்ற நீளமான கிழங்கின் பெயரால்தான் சொல்கிறார்கள் என்றேன். அவருக்கு அதில் ஆச்சரியமில்லை. "பின்னாடி பொடிக்கல்லு போட்டு நிரப்பியிருப்பான். மழைத்தண்ணி அதுவழியா எறங்கிப் போயிரும். காரை வெச்சு அடைச்சிருந்தா தண்ணி தேங்கி, சொவரு வயிறு தள்ளிக்கும்." ஊரில் தடுப்புச் சுவர் கட்டும்போது குழாய் விடச் சொல்லி வீட்டுக்காரரோடு சண்டை போட்ட கதை ஒன்று வந்தது. அதை இங்கே எழுதினால் கோட்டைக்குப் போய்ச் சேர மாட்டோம்.

இன்னும் கொஞ்சம் மேலே அவர் சட்டென்று காலைப் பின்னால் இழுத்தார். படிக்கல்லோடு படிக்கல்லாக ஒரு புத்தர். உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு உருவம், முகம் தேய்ந்துபோய், மல்லாக்கப் படுத்திருக்கிறார். மேலே நாணயங்கள் கிடந்தன. பக்கத்தில் பலகை: கோட்டை கட்டும்போது கல்லோடு கல்லாகச் சேகரித்துக் கொண்டுவந்தது இது, கண்டெடுத்த நிலையிலேயே விட்டிருக்கிறோம், மிதிக்காமல் போங்கள் என்கிற மாதிரி. இப்படி இன்னும் சில படிகளிலும் உண்டு.

"சாமியைப் போட்டா படி கட்டுனாங்க?"

1571இல் எதிர்த்த துறவிகளோடு என்ரியாகு-ஜி கோயிலையே எரித்தவர் நொபுனாகா. அவருக்குப் புத்தர்மேல் மரியாதை இல்லை என்று சொல்வதற்கு இந்தப் படியை எல்லோரும் கைகாட்டுவார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "அவரு இதைப் பாத்தே இருக்க மாட்டாரு" என்றார். "மேல இருந்து சீக்கிரம் சீக்கிரம்னு நெருக்கியிருப்பாங்க. கல்லு பத்தலை. கைக்குக் கெடச்சதை வெச்சிருப்பான்." நாணயம் போடவில்லை. குனிந்து விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓரமாகச் சுற்றி ஏறினார்.

கல்லுக்கு எவ்வளவு பேயாக அலைந்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நொபுனாகாவின் வரலாற்றை எழுதிய ஓட்டா கியூஇச்சி, 'பாம்புக் கல்' என்ற ஒரு பெரும் பாறையைப் பத்தாயிரம் பேர் இரவும் பகலுமாக மூன்று நாள் இழுத்து மேலே ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கிறார். மலை பூராவும் தேடியும் அந்தக் கல் இன்றுவரை அகப்படவில்லை.

உச்சியில் கோபுரம் நின்ற இடத்தில் இப்போது இருப்பது அடிக்கற்கள் மட்டும். மரத்தூண் நிறுத்தியிருந்த தட்டையான கற்கள், வரிசை வரிசையாக, 1.2 மீட்டருக்கு ஒன்று. அப்பா காலடியால் அளந்து "நாலடி" என்றார். நட்டநடுவில் மட்டும் கல் இல்லை. அதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். சுவர் மேல் ஏறிப் பார்த்தால் வடக்கே தூரத்தில் ஏரி, நடுவில் எல்லாம் வயல். அந்த வயலெல்லாம் அன்றைக்குத் தண்ணீர். இருபதாம் நூற்றாண்டில்தான் நீரை இறைத்து நிலமாக்கினார்கள். கோட்டை அப்போது ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. படகில் வந்தவர்களுக்கு அந்தத் தங்கத் தளம் தண்ணீரிலும் தெரிந்திருக்கும். இங்கே ஒரு இருபது நிமிஷம் சும்மா உட்காருங்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் வேறு யாருமே வரவில்லை. ஹிமேஜியில் இது கனவில்கூட நடக்காது.

இறங்குகிற வழி சோகென்-ஜியின் பழைய மூன்றடுக்கு கோபுரம் வழியாகப் போகிறது. படி ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். மேலே ஈர இலைகள். ஏறும்போது இருந்த தைரியம் இறங்கும்போது இருக்காது. அடிப்பாகம் தேய்ந்த ஷூவில் போய் நான் இரண்டு முறை சறுக்கினேன். மழை பெய்த மறுநாள் என்றால் அசுச்சியைத் தள்ளிப் போடுவதே நல்லது.

சாப்பாடு. கோட்டை மலையை ஒட்டிச் சாப்பிட எதுவுமே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஹிகோனேயில் கடைகள் உண்டு, ஆனால் இந்த வட்டாரம் ஓமி மாட்டிறைச்சிக்குப் பேர்போன இடம். எடோ காலத்தில் ஹிகோனே பிரபுக்கள் மாட்டிறைச்சியை மிசோ என்கிற சோயா விழுதில் ஊறப்போட்டு, மருந்து என்று சொல்லி, நாட்டை ஆண்ட ஷோகனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கறி சாப்பிடுவதையே தகாததாக நினைத்த காலத்தில்! மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் உதோன் நூடுல்ஸ்கூடக் கேட்டுத்தான் வாங்கணும். சைவக்காரர்கள் காலையிலேயே வசதிக்கடையில் (கன்வீனியன்ஸ் ஸ்டோர்) உமெபோஷி என்கிற ஊறுகாய்ப் பழமோ கொம்பு என்கிற கடற்பாசியோ வைத்த ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, இரண்டை மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது உத்தமம். நாங்கள் அடிவாரத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்து புளிசாதத்தைக் காலி செய்தோம். குப்பைத்தொட்டி எங்கும் இருக்காது. காலி டப்பாவும் எண்ணெய்க் காகிதமும் இரவு வீடுவரை என்னோடு பயணம் செய்தன. ஒரு பிளாஸ்டிக் பை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை ஒப்படைத்துவிட்டு லோக்கல் ரயிலில் இருபது நிமிஷம். ஹிகோனே ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்குக் கால் மணி நேர நடை, நேர் தெரு.

ஹிகோனேயைக் கட்டியவர்கள் 'ஈ' என்ற பெயர்கொண்ட பிரபு வம்சத்தார். 1600இல் செகிகஹாரா போரில், பிறகு ஷோகன்களாக நாட்டை ஆண்ட தொகுகாவா பக்கம் நின்று ஜெயித்தவர்களில் ஈ நவோமாசா ஒருவர். தன் படைக்கு முழுக்கச் சிவப்புக் கவசம் போட்டவர். அந்தப் போரில் பட்ட காயத்தோடு 1602இல் இறந்தார். 1604 வாக்கில் தொடங்கி கோட்டை முழுசாக முடிய 1622 ஆனது. இதில் அப்பாவுக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இது பெரும்பாலும் பழைய சாமானில் கட்டிய கோட்டை. கோபுரம் ஓட்சு கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. கல், சவாயாமா, நாகாஹாமா, ஓட்சு கோட்டைகளிலிருந்தும் நாங்கள் காலையில் பார்த்த அசுச்சியிலிருந்தும் வந்தது என்று சொல்வார்கள். "பழைய வீட்டு நெலவு, ஜன்னலை எடுத்துப் புது வீட்டுல வெக்கிறதில்லையா, அது கணக்கா" என்றார்.

டிக்கெட் கோட்டைக்கும் கென்க்யூ-என் தோட்டத்துக்கும் சேர்த்து ஆயிரம் யென் அளவில். வாசலில் ஒரு கும்பல். சிவப்புத் தலைக்கவசம் போட்ட வெள்ளைப் பூனைப் பொம்மை வேஷத்தில் ஒருவர் மெதுவாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஹிகோன்யான். ஈ குடும்பத்துத் தலைவர் ஒருவரை மழையில் பூனை ஒன்று கையசைத்துக் கூப்பிட்டு இடியிலிருந்து காப்பாற்றியது என்ற கதையிலிருந்து வந்தது. கோட்டையின் 400ஆவது ஆண்டுவிழாவுக்காக உருவாக்கினார்கள், இப்போது கோட்டையைவிட அதற்குத்தான் கூட்டம். குழந்தைகளோடு போகிறவர்கள் அது வெளியே வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். அப்பா இரண்டு நிமிஷம் பார்த்தார். "உள்ள ஆளுக்கு வேர்க்காதா?" என்றார். அவ்வளவுதான்.

மேலே போகிற கல் படியில் ஏறத் தொடங்கியதும் அவருக்குக் கோபம். "இது அசுச்சி மாதிரி இல்ல, நல்லா செஞ்ச வேலைதான். ஆனா பாரு, ஒரு படி ஆறங்குலம், அடுத்தது எட்டு, அடுத்தது அஞ்சு. அகலமும் மாறுது. படிக்கணக்கே தெரியாத பயல்." படி ஒரே அளவில் இருந்தால் ஓடி ஏறுகிறவனுக்குக் கால் பழகிவிடும், பழகக் கூடாது என்பதற்காகவே வேண்டுமென்று மாற்றியது என்றேன். நின்றார். கீழே திரும்பிப் பார்த்தார். மறுபடி பத்துப் படி ஏறினார், இந்த முறை எண்ணிக்கொண்டே. "அட, வேணும்னே கெடுத்து வெச்சிருக்கான்" என்று சிரித்தார். நாள் முழுக்க அவர் சிரித்ததில் அதுதான் பெரிய சிரிப்பு.

படி முடிகிற இடத்தில் பாதை ஒரு மரப்பாலத்துக்கு அடியில் போய், சுற்றி மேலே ஏறி, அதே பாலத்தைக் கடந்து உள்ளே நுழைகிறது. போர் என்றால் பாலத்தைத் தள்ளிவிட்டால் போதும், வந்தவன் பள்ளத்தில் மாட்டிக்கொள்வான். பாலத்துக்கு எதிரே டென்பின் யகுரா: இரண்டு முனையிலும் மாடி வைத்து, தராசு மாதிரி விரிந்த நீளக் கட்டடம். எல்லோரும் பாலத்தின் மேல் நின்று கட்டடத்தைப் படம் எடுத்தார்கள். அப்பா அதன் அடிச்சுவரைப் பார்த்தார்.

"ரெண்டு கையி வேலை இது."

அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் காலையில் பார்த்த அதே முள்ளங்கிக் கட்டு. இடது பக்கம் கற்கள் சரிவாக, ஒன்றின் இடுக்கில் ஒன்றை இறக்கிவைத்த மாதிரி நெருக்கமாக இருந்தன. பலகையைப் படித்தேன். வலது பக்கம் முதலில் கட்டியது. இடது பக்கம் 1854இல் பிரித்துத் திரும்பக் கட்டியது. நடுவில் இருநூற்றைம்பது வருஷ இடைவெளி. போன முறை நான் இதே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தில் என் தோளுக்குப் பின்னால் இரண்டு சுவரும் தெளிவாகவே தெரிகின்றன.

அங்கேயே பக்கத்தில் நேரம் சொல்லும் மணி ஒன்று இருக்கிறது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கிறார்கள். நாங்கள் நின்றபோது சரியாக மதியம் மூன்று. மணி அடித்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் மரங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கோபுரம் மூன்றே அடுக்கு, தூரத்திலிருந்து பார்த்தால் சின்னதுதான். ஆனால் கூரை முகப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக, வளைந்ததும் நிமிர்ந்ததுமாக நிறைத்து வைத்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு ஏறணும். இங்கேதான் கவனம் வேண்டும். உள்ளே படி என்று சொல்வது ஏணி. 62 டிகிரி சாய்வு, நானூறு வருஷப் பாதங்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய மரம், காலில் வழுக்குகிற சாக்ஸ். ஒரு கையில் ஷூ பை, தோளில் முதுகுப்பை, இன்னொரு கையில் போன் என்று இருந்தால் ஆபத்து. முதுகுப்பையை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். கழற்ற எளிதான ஷூ, அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த சாக்ஸ் போடுங்கள். பாவாடை, சேலை கஷ்டம். முட்டி வலிக்காரர்கள் வெளியே நின்று பார்ப்பதே நல்லது, அதில் குறைவொன்றும் இல்லை. இறங்கும்போது முகத்தை ஏணிப் பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கணும். அப்பா சாரத்தில் இறங்கிப் பழகியவர், அப்படித்தான் இறங்கினார். அதைப் பார்த்துப் பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் இருவரும் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளே பொருட்காட்சி எதுவும் கிடையாது. சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். மேலே நிமிர்ந்து பாருங்கள். உத்தரங்கள் நேராகவே இல்லை. மரம் எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வைத்திருக்கிறார்கள், ஒன்றன் வளைவில் இன்னொன்று உட்காருகிற மாதிரி. சுவரில் முக்கோணமாகவும் சதுரமாகவும் சின்னக் குழிகள்: துப்பாக்கிக்கும் அம்புக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஓட்டையே தெரியாது, சுண்ணாம்புப் பூச்சால் மூடியிருக்கும். சண்டை வந்தால் உள்ளிருந்து உடைத்துக்கொள்ளலாம். கடைசிவரை ஒருவரும் இங்கே சண்டைக்கு வரவில்லை.

இது ஓட்சுவிலிருந்து வந்த கோபுரம்தான் என்பது எப்படி உறுதியானது என்பதையும் சொல்லணும். 1957 முதல் 1960 வரை கோபுரத்தைப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். அப்போது மரங்களில் பழைய தச்சர்கள் போட்ட குறிகள் கிடைத்தன. எந்தக் கட்டை எங்கே சேரும் என்பதற்கான அடையாளங்கள். அவற்றை வைத்துப் பார்த்தால், முன்பு இது ஐந்து தளம் கொண்ட வேறொரு கோபுரமாக இருந்திருக்கிறது. அதைக் குறைத்து மூன்றாக்கி இருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு தூணிலும் குறி தேடிக்கொண்டு வந்தார். காப்பாளர் ஒருவர் கவலையோடு எங்கள் பின்னாலேயே வந்தார். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தேடினார்.

நவம்பரில் ஐந்து மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடுகிறது, கோட்டையும் ஐந்துக்கு மூடிவிடும். அதனால் தோட்டத்துக்கு இருபது நிமிஷம்தான் கிடைத்தது. குளத்துக்கு அப்பால் கோபுரம் தெரிகிற ஒரு இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். வெளி வாசலருகே குதிரை லாயத்தை விட்டுவிடாதீர்கள். 21 குதிரைகள் கட்டுகிற லாயம். கோட்டைக்குள் இப்படி ஒன்று முழுசாக மிஞ்சியிருப்பது இங்கே மட்டும்தான். அகழியில் கறுப்பு அன்னம் நீந்தினால், அது மிட்டோ நகரத்தின் பரிசு. 1860இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) பனி கொட்டிய காலை, கோட்டையின் சகுராதா வாசலுக்கு வெளியே ஹிகோனே பிரபு ஈ நவோசுகேயை வெட்டிக் கொன்றவர்கள் பெரும்பாலும் மிட்டோக்காரர்கள். நூறு வருஷம் கழித்துத்தான் இரண்டு ஊரும் சமாதானமாகின.

ஸ்டேஷனில் ரயிலுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. இந்த முறை பலகையை இரண்டு தடவை சரிபார்த்தேன். அப்பா போனை எடுத்து, அவரிடம் இருபது வருஷம் கையாளாக இருந்து இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறவருக்கு வீடியோ கால் போட்டார். அங்கே மதியம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம். பின்னால் கலவை எந்திரம் தெரிந்தது. அப்பா நான் எடுத்த சுவர்ப் படங்களை என் போனில் திறக்கச் சொல்லி, அதைத் தன் போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"காரை இல்ல. சிமெண்டு இல்ல. நானூத்தம்பது வருஷம்."

"சும்மா சொல்லாதீங்க மேஸ்திரி."

"கையை விட்டுப் பாத்தேன்டா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மூலையைக் காட்டச் சொன்னார். மூலையில் நீளக் கல்லும் குட்டைக் கல்லும் ஒன்றுவிட்டு ஒன்று மாறி வந்திருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம் கேட்டார்:

"கூலி என்ன குடுத்திருப்பாங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரயில் வந்துவிட்டது.